ஹெல்மிக்கு ஒரு பனித்தகடு

மனைவி ஹெல்மி உயிரோடு இருந்தவரை மெல்வின் ருவோனா பனி தள்ளும் அந்தத் தகட்டை வாங்கவில்லை. அவள் செத்த மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வேறென்ன சொல்ல.

காலமெல்லாம் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர் அவர். அந்தப் பக்கத்தில் பனிக்காலம்தான் காட்டு வேலைக்குக் காலம். விடியுமுன்னே கிளம்பிப் போய்விடுவார். வீட்டிலிருந்து சாலை வரை நீளும் சரளைப் பாதையை ஹெல்மிதான் கைப்பிடி வைத்த பெரிய தகர வாரியால் தள்ளித் தள்ளித் திறப்பாள். திறந்து முடித்து உள்ளே வந்து காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள். அதற்குள் அரசாங்கத்தின் பனிவண்டி சாலையைச் சுத்தம் செய்துகொண்டு போகிற போக்கில், அவள் பாதையின் வாயில் இடுப்பளவுக்குப் பனியைக் கட்டி கட்டியாகக் கொட்டிவிட்டுப் போகும். மறுபடியும் வாரியை எடுத்துக்கொண்டு போவாள்.

கொட்டகையில் நாலுசக்கர வண்டி சும்மா நின்றது. சைக்கிள் மாதிரி கைப்பிடியும் குண்டுச் சக்கரங்களுமாய், மான் வேட்டைக் காலத்தில் மெல்வின் ஏறிக்கொண்டு காட்டுக்குப் போகிற வண்டி. அதன் மூக்கில் ஒரு தகடு மாட்டினால் பாதை கால் மணியில் திறந்துவிடும். ஒவ்வொரு இலையுதிர் காலமும் ஹெல்மி கேட்பாள். ஒவ்வொரு இலையுதிர் காலமும் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார். லாரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதே பதில்தான். முதுகு வலி என்று அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், அவள் தள்ளுவாள்.

கடைக்காரன் டாரில் கதவைத் திறந்து விளக்கைப் போட்டான். தகடுகள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருந்தன.

"எவ்வளவு அகலம் வேணும்? வண்டியோட அகலத்தைப் பாத்து வாங்கிடாதீங்க. தகட்டை ஒரு பக்கமா சாய்ச்சு வெச்சுத்தான் தள்ளுவீங்க. சாய்ச்சா அகலம் கொறையும். அப்பவும் சக்கரத்தைத் தாண்டி வெளிய நிக்கணும். இல்லேன்னா தள்ளின பனி மேலயே ஏறி ஓட்டிக்கிட்டு இருப்பீங்க."

"அஞ்சடி குடு."

"இரும்பா, பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக்ல ஈரப் பனி ஒட்டாது, வழுக்கிட்டுப் போயிடும். அடியில இறுகிக் கெடக்கறதைச் சொரண்டணும்னா இரும்புதான்."

"இரும்பு."

"அடியில ரெண்டு இரும்புக் கால் இருக்கு பாருங்க, தட்டு மாதிரி. அதை எறக்கி வெச்சா தகடு தரையில படாம ஒரு அங்குலம் மேலயே போகும். சரளை வாசலுக்கு அது கட்டாயம் வேணும். இல்லேன்னா கல்லையெல்லாம் வாரிப் புல்லுல கொட்டிடுவீங்க."

"வாசலுக்கு இல்லப்பா. கல்லறைக்கு."

டாரில் தலையைச் சொறிந்தான். ஹெல்மி செத்த செய்தி அவனுக்கும் வந்திருந்தது. "போன அக்டோபர்ல கூட வந்தாங்க" என்றான். "இதே தகட்டைத்தான் தட்டிப் பாத்தாங்க. 'அந்தக் கஞ்சனை ஒரு நாள் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்'னு சொன்னாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றி, சக்கரத்துக்கு மாட்டும் சங்கிலியை எடுக்க உள்ளே போய்விட்டான்.

கல்லறைக்கு எதற்குத் தகடு என்று கேட்டால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. அந்த ஊரில் பனிக்காலத்தில் யாரையும் புதைப்பதில்லை. கல்லறைத் தோட்டம் மேட்டின் மேல் இருக்கிறது. நவம்பர் போனால் மேலே ஏறும் பாதையை ஊராட்சி திறப்பதில்லை. செத்தவர்களைப் பெட்டியோடு, தோட்ட வாசலுக்குப் பக்கத்தில் மேட்டைக் குடைந்து கட்டிய கல் கிடங்கில் அடுக்கிவைப்பார்கள். மே மாதம் பனி கரைந்ததும் ஒவ்வொருவராக எடுத்துப் புதைப்பார்கள். ஊருக்கே பழகிப்போன விஷயம். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

ஹெல்மி நினைத்தாள். அவளுடைய அம்மா கிறிஸ்துமஸுக்கு முன்னால் செத்து, மே வரை அந்தக் கிடங்கில் இருந்தாள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ஹெல்மி தனியாகப் போய் அந்த இரும்புக் கதவின் முன்னால் நிற்பாள். "உருளைக்கிழங்கைப் போட்டு வெக்கிற மாதிரி போட்டு வெச்சிருக்காங்க" என்று ஒரு முறை வீட்டுக்கு வந்து அழுதாள். இப்போது ஆஸ்பத்திரியில் பாதி முகம் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, அவள் வாயிலிருந்து புரியும்படி வந்தது ஒன்றே ஒன்றுதான். "கெடங்கு வேணாம்." மெல்வின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றார். இந்த முறை அடுத்த வருஷம் என்று சொல்ல வழியில்லை.

தகட்டை வாங்கிய கையோடு ரோட்னியைப் போய்ப் பார்த்தார். ரோட்னிதான் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர், குழி தோண்டுபவரும் அவரே. பள்ளிக்கூடத்தில் மெல்வினுக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவர்.

"கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல" என்றார் ரோட்னி. "மேல ஏற வழி இல்ல, அவ்ளோதான். வழியை நீ தெறந்துட்டா சனிக்கிழமை காலைல என் சின்ன மெஷினைக் கொண்டாந்துடறேன். இந்த வருஷம் மண்ணு உறையறதுக்கு முன்னாடியே பனி விழுந்து மூடிக்கிச்சு. அடியில இன்னும் மெத்துனுதான் இருக்கும்."

"தெறந்துடறேன்."

"நீயா?" ரோட்னி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உன் வீட்டுப் பாதையையே நீ தெறந்து நான் பாத்ததில்லையே. சரி சரி, மொறைக்காத. வழி மட்டும் தெறந்து வெய்யி, போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் ஹெல்மியின் அக்கா வெர்னா வந்தாள். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஏலக்காய் போட்ட ரொட்டி சுட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ரொட்டியை மேசையில் வைத்தவள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். புத்தம் புதுத் தகடு வண்டியின் மூக்கில் மாட்டியிருந்தது.

"வாங்கிட்டியா" என்றாள். "அடேயப்பா. அவ உசுரோட இருக்கறப்போ வாசலைத் தள்ள ஆள் இல்ல. செத்தப்புறம் மலையைத் தள்ளப் போறியாக்கும்."

"அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், வெர்னா."

"உன் வாக்கை எடுத்து அடுப்புல வெய்யி. எத்தனை வாக்கு பாத்திருக்கா அவ. நீ பாதி மேட்டுல வண்டியை மாட்டிக்கிட்டு நிக்கப் போற. ஊரு சிரிக்கப் போவுது. கடைசில அவ கெடங்குக்குத்தான் போகப் போறா. பாத்துக்கிட்டே இரு."

மெல்வின் ரொட்டியை வெட்டி அவளுக்கு ஒரு துண்டு வைத்தார். அவள் தொடவில்லை.

மறுநாள் வேலையைத் தொடங்கினார். பின்சக்கரங்களில் சங்கிலி பூட்டி, வண்டியின் பின்னால் மணல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டார். மேட்டுப் பாதையில் பனி மார்பளவு இருந்தது. மேலே புதுப் பனி, நடுவில் மழை பெய்து இறுகிய ஓடு, அடியில் பழைய பனி. அதை ஒரேயடியாகத் தள்ள எந்தத் தகட்டாலும் முடியாது. பெரிய மீனை எடுத்த எடுப்பில் விழுங்கப் பார்த்தால் முள்தான் தொண்டையில் நிற்கும். தகட்டைத் தூக்கிவைத்து மேல் அடுக்கை மட்டும் முதலில் சரிவுப் பக்கம் ஒதுக்கினார். பின்னால் வந்து, இறக்கி, அடுத்த அடுக்கு. இரண்டடி முன்னால், வண்டி நீளம் பின்னால். தகட்டைத் தூக்கி இறக்கும் வின்ச் கம்பி முனகியது. நாலைந்து தடவை வண்டி மாட்டிக்கொண்டது. இறங்கி ஹெல்மியின் வாரியை எடுத்துத் தோண்டி வெளியே எடுத்தார்.

ஒதுக்கும் பனியை ஓரத்திலேயே விடாமல் நன்றாக வெளியே தள்ளிவிட்டார். பிணவண்டி அகலமானது, அது திரும்பவும் இடம் வேண்டும். புதைந்திருக்கும் கல்லறைக் கற்கள் எங்கே என்று தெரிய ரோட்னி குச்சிகள் நட்டுத் தந்திருந்தார். ஒரு முறை தகடு ஒரு கல்லின் விளிம்பில் இடித்து, வில்சுருள் மடங்கி முன்னால் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. மெல்வின் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, கல் உடையவில்லையே என்று கையால் தடவிப் பார்த்தார். கல்லுக்கு அடியில் யாரோ ஒரு கிழவர், மெல்வினின் அப்பா காலத்து ஆள். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. தோட்ட வாசலில் லாரியை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே காப்பி குடித்துக்கொண்டு பார்த்தார்கள். முதல் நாள் கேலி பேசினார்கள். அடுத்த நாள் கேலி குறைந்தது. பாதை ஹெல்மியின் இடத்தை எட்டிய அன்று யாரோ ஹாரன் அடித்துக் கையைத் தூக்கிக் காட்டினார்கள். மெல்வினும் கையைத் தூக்கினார். வெகு காலத்துக்குப் பிறகு அவருக்கு உள்ளே சூடாக இருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ரோட்னி கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் இருவருக்கும் சேர்த்து வாங்கி வைத்திருந்த அந்த இடத்தைப் பார்த்தார். மேடும் பள்ளமுமாய்ப் பனி குவிந்து கிடந்தது. வெர்னா அதில் கால் புதைய நின்று முகத்தைச் சுளிப்பது கண்ணில் தெரிந்தது. தகட்டின் இரும்புக் கால்களைக் கழற்றினார். தகட்டைத் தரை வரை இறக்கினார். ஹெல்மியின் இடம், தன் இடம் இரண்டையும், மூலை முடுக்கு விடாமல், பழுப்புப் புல் தெரியும் மட்டும் சுரண்டி எடுத்தார். ஓரங்களை வாரியால் நேராக வெட்டிவிட்டார். முடித்துப் பார்த்தபோது சமையலறைத் தரைபோல் இருந்தது. அவள் கேட்டதற்கு மேல் ஒரு பிடி அவர் அவளுக்குச் செய்தது, கலியாணம் ஆனதிலிருந்து அதுதான் முதல் தடவை.

வெர்னாவைப் போய் அழைத்துவந்து காட்டினார். அவள் வண்டியை விட்டு இறங்கி, பாதையைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

"நல்லாத்தான் பண்ணியிருக்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் வாயிலிருந்து அது வருவது குதிரைக்குக் கொம்பு முளைப்பது மாதிரி. அன்று மெல்வின் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினார்.

அதன் பிறகு வானம் வெளுத்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. பக்கத்துப் பெரிய ஏரியிலிருந்து காற்றும் இல்லை. குளிர் மட்டும் இறங்கியது. ராத்திரிகளில் பூச்சியத்துக்குக் கீழே இருபதுக்குப் போனது. வீட்டு உத்தரங்கள் குளிரில் விறைத்துச் சடசடத்தன, நாய்கள் வெளியே போக மறுத்தன. மெல்வினுக்கோ சந்தோஷம். புதுப் பனி விழவில்லை, பாதை திறந்தபடியே இருக்கிறது. கடவுளும் ஹெல்மி பக்கம் சேர்ந்துகொண்டார் என்று போதகரிடம் தொலைபேசியில் சொன்னார்.

சனிக்கிழமை விடிந்ததும் ரோட்னி சின்னத் தோண்டு இயந்திரத்தை இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாதையைப் பார்த்துச் சீட்டியடித்தார். "அம்மாடி, ஊராட்சிக்காரன் கூட இப்படித் தெறக்க மாட்டான்" என்றார். மெல்வின் வண்டியில் முன்னால் போனார். வெர்னா தெர்மாஸில் காப்பியோடு தன் காரில் பின்னால் வந்தாள்.

மேலே போய், சுரண்டிய இடத்தைப் பார்த்ததும் ரோட்னியின் சீட்டி நின்றது. இறங்கினார். இயந்திரத்தின் பக்கவாட்டிலிருந்து கடப்பாரையை உருவி, ஓங்கிப் புல்லில் குத்தினார். ணங் என்றது. கடப்பாரை துள்ளிக் கையை உதறிவிட்டது.

அந்தச் சத்தம் மெல்வினுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். காட்டுச் சதுப்பில் மரலாரி புதையாமல் போகவேண்டுமென்றால் பனிக்காலத் தொடக்கத்தில் முதலில் பாதையின் மேலுள்ள பனியைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பனி கம்பளி. அதை உருவிவிட்டால் குளிர் நேரே மண்ணுக்குள் இறங்கும், ஒரு வாரத்தில் சதுப்பு இரும்பாகும். காலமெல்லாம் அவர் லாரி ஓடியது அப்படி இறுக்கிய பாதைகளில்தான். அந்தச் சுரண்டலையும் அவர் கையாலேயே எத்தனையோ முறை செய்திருக்கிறார்.

ரோட்னி இயந்திரத்தை இறக்கிப் பார்த்தார். வாளியின் பற்கள் புல்லைக் கீறின. பிறகு இயந்திரமே முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அவள் இடத்தில், மெல்வின் இடத்தில், மூலையில், நடுவில் எல்லாம் முயன்றார். ஒரு பல் உடைந்தது. அணைத்துவிட்டார்.

"ஒண்ணரை அடி உறைஞ்சு போச்சு" என்றார். "வழி மட்டும்னு சொன்னேனே, மெல்வின்."

"நெருப்புப் போடுவோம். கரியைப் போட்டுத் தகரத்தை வெச்சு மூடினா இளகிடும்."

"இளக ரெண்டு நாள் ஆகும். இன்னிக்கு ராத்திரி ஏரியிலேர்ந்து பனிப்புயல் வருது, ரேடியோல கேக்கலியா? நாளைக்கு இந்தப் பாதையே இருக்காது."

மெல்வின் சுற்றுமுற்றும் பார்த்தார். கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு பனியைச் சுரண்டாமல் விட்டிருந்த பக்கத்து இடத்துக்குப் போனார். பனிக்குள் இறக்கிக் குத்தினார். வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி மண்ணுக்குள் கடப்பாரை பாதி வரை போனது. அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு வெர்னாவைத் திரும்பிப் பார்த்தார்.

பாதை எட்டிய தூரத்தில் காலியாக இருந்தது அது ஒன்றுதான், வெர்னாவின் இடம். அவள் புருஷன் அங்கே படுத்திருந்தான். அவனுக்கு இந்தப் பக்கம் அவளுக்காக விட்டுவைத்தது. கல்லில் அவள் பெயரும் பிறந்த வருஷமும் ஏற்கெனவே வெட்டியிருந்தார்கள்.

"வெர்னா" என்றார். "உன் தங்கச்சிதானே. இதைக் குடு. நீ என் இடத்தை எடுத்துக்கோ. கால்ல விழறேன்."

வெர்னா அந்தக் கல்லைப் பார்த்தாள்.

"என் புருஷன் பக்கத்துல என் தங்கச்சி, உன் பக்கத்துல நானா?" என்றாள். "சாகற வரைக்கும் அவ உன்னோட பட்டது போதாதா, செத்தப்புறம் நான் வேற படணுமா? முடியாது."

"மே மாசம் வரைக்கும்தானே. பனி போனதும் தோண்டி மாத்திடலாம்."

"ஒரு தடவை புதைச்சவளைத் தோண்டுவியா? அதையும் செய்வ நீ." தெர்மாஸ் மூடியை இறுக்கித் திருகினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நாப்பது வருஷமா நீ அவளுக்கு ஒண்ணுமே செஞ்சதில்ல, மெல்வின். இந்த ஒரு வாரமும் ரோட்னிகிட்ட சொல்லிட்டு அப்படியே ஜன்னலோரமா உக்காந்திருந்தா போதும். ரோட்னியே வேற யாரையாவது வெச்சு வழியைத் தெறந்திருப்பாரு. அவ இன்னிக்கு மண்ணுக்குள்ள போயிருப்பா."

ரோட்னி குனிந்து உடைந்த பல்லைப் பொறுக்கினார். இல்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று மெல்வின் காத்திருந்தார்.

கீழே தோட்ட வாசலில் நின்று ரோட்னி தயங்கித் தயங்கித்தான் பேச்சை எடுத்தார். கிடங்கின் கதவு மூடிக் கிடந்தது. மேட்டிலிருந்து சரிந்த பனி கதவின் பாதி உயரத்துக்கு மேல் இறுகியிருந்தது. இந்தப் பனிக்காலத்தில் ஊரில் இதுவரை வேறு சாவு விழவில்லை, அதனால் யாரும் அதைத் திறக்கவில்லை.

"மத்தியானம் அடக்க ஆராதனை முடிஞ்சதும் பிணவண்டி வந்துடும்" என்றார். "என் மெஷினை எறக்கி ஏத்தறதுக்குள்ள நேரம் ஆயிடும். நான் வேணா ஊராட்சிக்காரனைக் கூப்பிட்டுப் பாக்கறேன்... அவன் சனிக்கிழமை வரமாட்டான்." அவர் தகட்டைப் பார்த்தார், மெல்வினைப் பார்க்கவில்லை.

மெல்வின் வண்டியில் ஏறினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு பேர் வழுக்காமல் நடக்கவேண்டும் என்று நினைத்தார். மேல் அடுக்கை முதலில் எடுத்தார், பிறகு கீழ் அடுக்கை. கதவின் முன்னால் கல்தளம் தெரியும் மட்டும் சுரண்டினார். இங்கே சுரண்டினால் யாருக்கும் எந்தக் கேடும் இல்லை. வெர்னா காரின் உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோட்னி பூட்டைத் திறந்து கதவை இழுத்தார். எங்கும் தட்டாமல் சுவர் வரை திறந்துகொண்டது. உள்ளே ஒரு பெட்டியும் இல்லை, மரத் தட்டுகள் மட்டும் காலியாக இருந்தன.

"எங்க வெக்கட்டும்?" என்று கேட்டார் ரோட்னி. "முதல் ஆளு அவதான். எந்த இடம் வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

மெல்வின் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, உள்ளே பார்த்தார். கதவுக்குப் பக்கத்துத் தட்டைக் காட்டினார்.